இயற்கையைப் பார்த்துச் செய்த உயர் நகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூ, இலை, தும்பி, பாம்பு என்று இயற்கையிலிருந்து கரு எடுத்துச் செய்யப்படும் உயர் நகைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகவே எழுதிவிட்டேன். அவை எனக்கு மிகவும் பிடித்த கேள்விகள்.

"ஹை ஜுவல்லரி" என்பது விலை உயர்ந்த நகைக்கு இன்னொரு பெயர்தானா?

விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் பெரிய வைரம் பதித்த மோதிரம் எல்லாம் ஹை ஜுவல்லரி ஆகிவிடாது. பெரும்பாலும் ஒரே ஒரு நகைதான் செய்வார்கள். அதே வடிவம் மறுபடி வராது. வரைபடம், மாதிரி, உலோக வேலை, கல் பதித்தல், மெருகு என்று ஒவ்வொன்றும் அதிலேயே ஆயுளைக் கழித்த கைகளால் நடக்கும். கிடைத்த கல்லுக்கு ஏற்ப வடிவம் மாறும், அல்லது வடிவத்துக்குப் பொருந்தும் கல்லுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பார்கள்.

உயர் தையல்கலையைக் குறிக்கும் "ஓத் கூத்யூர்" என்ற சொல்லுக்குப் பிரான்சில் சட்டப் பாதுகாப்பு உண்டு. நகைக்கு அப்படி எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் தம் நகையை அப்படி அழைத்துக்கொள்ளலாம். அதனால் பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் பழகுவதுதான் வழி. இந்த உலகத்தின் மையம் பாரிசின் பிளாஸ் வான்டோம் சதுக்கம். பூஷரோன் என்ற நகை நிறுவனம் 1893 முதல் அங்கே 26ஆம் எண்ணில் இருக்கிறது. வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் 1906 முதல் 22ஆம் எண்ணில்.

பூவும் இலையும் நகைக்கு எப்போது வந்தன?

தங்கத்தைத் தகடாக அடிக்கத் தெரிந்த காலத்திலேயே வந்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். மெசபடோமியாவில் "ஊர்" என்ற பண்டைய நகரத்துக் கல்லறையில் கிடைத்த அரசி புவாபியின் தலையணியில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு தகட்டில் வெட்டிய இலைகள் தொங்குகின்றன. கிரீட் தீவின் மாலியா அருகே கிடைத்த பதக்கத்தில் இரண்டு தேனீக்கள் ஒரு துளித் தேனைக் கால்களால் பற்றி நிற்கின்றன. அதற்கு ஏறக்குறைய 3,700 வயது. வட கிரேக்கத்தின் வெர்கினாவில் 1977இல் திறக்கப்பட்ட அரச கல்லறையிலிருந்து ஓக் இலைக் கிரீடம் ஒன்று வந்தது. மாசிடோனியாவின் இரண்டாம் ஃபிலிப்புடையது என்று கருதப்படுகிறது. 313 இலைகள், 68 ஓக் காய்கள், எல்லாம் தங்கம்.

அந்தக் கிரீடத்தின் படம் கிடைத்தால் இலைகளின் விளிம்பைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கும். அச்சில் வார்த்ததுபோல் வரிசை கட்டி நிற்காது.

எல்லா நிறுவனமும் "இயற்கையே எங்கள் உந்துதல்" என்கிறது. உண்மையிலேயே இயற்கையைப் பார்த்துச் செய்ததா என்று எப்படித் தெரியும்?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இதைச் செய்தவர் இந்தச் செடியை நேரில் பார்த்தாரா, இன்னொரு நகையைப் பார்த்தாரா?

ஐந்து இதழ் வரைந்து நடுவில் ஒரு கல் வைத்தால் யாருக்கும் பூ என்று புரிந்துவிடும். எந்தச் செடியின் பூ, காலையில் விரிந்ததா, உதிரப்போகிறதா என்பது புரியாது. பார்த்துச் செய்தவர் வேலையில் அது புரியும். நெப்போலியன் காலத்து நகைக்காரர்களான நித்தோ குடும்பத்தின் பட்டறையிலிருந்து சுமார் 1811இல் ஒரு தலையணி வந்தது. அந்தப் பட்டறைதான் இன்றைய ஷோமே நகை நிறுவனம். வைரம் பதித்த ஒன்பது கோதுமைக் கதிர்கள். அந்தக் காலத்துத் தலையணிகள் நடுவில் உயர்ந்து இருபுறமும் ஒரே அளவாக இறங்கும். இதில் கதிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. காற்றுக்கு நகையில் இடமே இல்லை, ஆனாலும் வயலில் காற்று அடிப்பது தெரிகிறது. வைரங்களின் எடை 66 காரட்டுக்கு மேல். அதை நினைவில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சாய்வு மறக்காது.

இலை காம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். அவசரமாகச் செய்த நகையில் அங்கே ஒரு குழப்பம் இருக்கும்: பற்றாசு வைத்து ஒட்டி, அதை மறைக்க ஒரு சின்ன வைரம். நன்றாகச் செய்ததில் காம்பு சற்றே பருத்து, இலையின் நடுநரம்பாகவே ஓடிப்போகும்.

லாலிக்கின் பெயரை ஏன் எல்லாரும் சொல்கிறார்கள்?

ரெனே லாலிக் (1860–1945) நகையின் மதிப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கே பதிலை மாற்றியவர். அவர் காலத்தில் நகை என்றால் வைரம். உலோகம் அதைத் தாங்கும் சட்டம். லாலிக் மாட்டுக் கொம்பைச் செதுக்கினார், கண்ணாடியை வார்த்தார், எனாமலை, அதாவது உலோகத்தோடு உருக்கிச் சேர்க்கும் வண்ணக் கண்ணாடியை, பூசினார். வைரம் தேவைப்பட்ட இடத்தில் பனித்துளிபோல் இரண்டு வைத்தார். மொட்டையும் மலரையும் மட்டுமல்லாமல் வாடிச் சுருங்கிய இதழையும் நகையில் வைக்கத் துணிந்தார்.

அவருடைய தும்பிப் பெண் நகை லிஸ்பனில், கலூஸ்த் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1897–98 வாக்கில் செய்தது, மார்பில் அணிவது, இறக்கைகளை விரித்தால் அகலம் சுமார் 27 சென்டிமீட்டர். தும்பியின் வாயிலிருந்து ஒரு பெண்ணின் உடல் எழுகிறது, பச்சைக் கிரைசோபிரேஸ் கல்லில் செதுக்கியது. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கைகள். கீழே, அந்த மென்மைக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய தங்க நகங்கள். தும்பி வேட்டையாடி உண்ணும் பூச்சி என்பதை அந்த நகங்கள் மறக்க விடுவதில்லை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் லாலிக்கின் நகைகளைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை செத்துக் கிடந்த தும்பியை எடுத்துவந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே அதன் இறக்கையை வரைய உட்கார்ந்தேன். முன் விளிம்பில் நரம்பு தடித்து, கம்பிபோல் இருக்கிறது. பின்னால் போகப்போக நூலாக இளைக்கிறது. முன்பக்கக் கட்டங்கள் நீள்சதுரம். பின்பக்கத்தில் ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கலைகின்றன. நுனிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் அடர்ந்த நிறத்தில், கொஞ்சம் கனமாக இருக்கிறது. பறக்கும்போது இறக்கை படபடத்து நிலைகுலையாமல் காப்பது அந்தப் புள்ளியின் எடைதான். அந்த ஓவியத்தை நான் முடிக்கவே இல்லை. ஆனால் நகைகளில் வரும் தும்பிகளைத் தரம் பிரிக்க அன்றுதான் கற்றுக்கொண்டேன். நரம்பு முழுக்க ஒரே தடிமனில் மீன்வலைபோல் ஓடினால், செய்தவர் தும்பியைப் பார்க்கவில்லை.

அந்த இறக்கைகள் வழியே வெளிச்சம் எப்படி ஊடுருவுகிறது?

வழக்கமான எனாமலுக்கு அடியில் உலோகத் தகடு இருக்கும். இந்த வகைக்குப் பிரெஞ்சில் "பிளீக் அ ஜூர்" என்று பெயர். இதில் அடித்தகடு கிடையாது. தங்கக் கம்பியால் கட்டங்கள் செய்து, ஈரமான கண்ணாடித் தூளை அந்த இடைவெளிகளில் நிரப்பிச் சூளையில் உருக்குவார்கள். தூள் விழாமலிருக்க அடியில் தற்காலிகமாக மெல்லிய செப்புத் தகடோ அபிரகமோ வைத்து, பிறகு நீக்கிவிடுவதும் உண்டு. தேவாலயத்து வண்ணக் கண்ணாடி ஜன்னலை விரல்நுனி அளவுக்குச் சுருக்கியதுபோல் இருக்கும்.

உருகும்போது கண்ணாடித் தூள் சுருங்கும். எனவே மறுபடி நிரப்பி, மறுபடி சூடாக்க வேண்டும். இப்படிப் பல தடவை. ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே நன்றாக வந்த கட்டம் விரிசல் விடலாம். கடைசிச் சூட்டில் ஒரு மூலை வெடித்தால் முன்னால் செய்த வேலையெல்லாம் போச்சு.

வைரப் பூக்கள் ஆடுவதாகச் சொல்கிறார்களே, எப்படி?

பூவின் அடியில் மெல்லிய சுருள்வில் வைத்து, அதன்மேல் பூவை நிறுத்துவார்கள். அணிந்தவர் மூச்சு விட்டாலே பூ நடுங்கும். "ஆன் திராம்பிளான்", அதாவது நடுங்கியபடி, என்று இந்த உத்திக்குப் பெயர். 18ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வைரம் அசையாமல் இருந்தால் பாதி அழகு தெரியாது. சுருள்வில் அந்தக் குறையைத் தீர்த்தது. வில் விறைப்பாக இருந்தால் பூ அசையாது; தளர்வாக இருந்தால் தலைகுப்புறத் தொங்கும். பூவின் எடைக்கு ஏற்றபடி வில்லைச் சரிசெய்வதில்தான் கைத்திறன் இருக்கிறது.

அசைவைப் பற்றிப் பேசும்போது பூஷரோனின் கேள்விக்குறி நெக்லஸையும் சொல்ல வேண்டும். 1879இல் வந்த வடிவம். கொக்கியே கிடையாது, உள்ளே மறைந்திருக்கும் வில் தகடு கழுத்தைச் சுற்றித் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஒரு முனை மார்பில் இறங்கி மயிலிறகாகவோ கொடியாகவோ முடியும். கொடி ஒன்று தானே வந்து கழுத்தில் படர்ந்ததுபோல் இருக்கும்.

விலங்கு நகைகளில் எதைத் தவறவிடக் கூடாது?

கார்த்தியே என்ற பாரிஸ் நகை நிறுவனத்தின் சிறுத்தை. 1914இல் ஒரு கைக்கடிகாரத்தில் வெறும் புள்ளிகளாக வந்தது: வைரங்களுக்கு நடுவே கறுப்பு ஓனிக்ஸ். அங்கே உயர் நகைப் பிரிவை நடத்திய ஜான் தூசான் காலத்தில்தான் அது முழு விலங்காக எழுந்து நின்றது. 1948இல் விண்ட்சர் கோமகளுக்காகச் செய்த புரோச்சில், அதாவது உடையில் குத்தும் நகையில், 116.74 காரட் மரகதத்தின் மேல் சிறுத்தை. மறுவருடம் 152.35 காரட் நீலக்கல்லின் மேல் இன்னொன்று. ஒரு காரட் என்பது 0.2 கிராம், அப்படியானால் அந்த நீலக்கல் மட்டுமே 30 கிராம்.

அடுத்தது மெக்சிகோ நடிகை மரியா ஃபெலிக்சுக்காக 1968இல் செய்த பாம்பு. 2,473 வைரங்கள். மேலே வெள்ளையாக மின்னும் பாம்பின் வயிற்றுப் பக்கம் சிவப்பு, பச்சை, கறுப்பு எனாமல். கண்ணில் படாத பக்கத்துக்கும் அத்தனை வேலை. உடல் முழுக்கக் கண்ணிகளால் கோத்தது. கையில் எடுத்தால் உண்மைப் பாம்புபோல் வழியும். 1975இல் அவருக்கே இரண்டு முதலைகள் செய்தார்கள், ஒன்று மஞ்சள் வைரம், ஒன்று மரகதம். மாதிரிக்காக அவர் உயிருள்ள முதலைக் குட்டியையே கடைக்குக் கொண்டுபோனார் என்று ஒரு கதை உண்டு.

இவ்வளவு நிறங்கள் எங்கிருந்து வருகின்றன? மரகதமும் மாணிக்கமும் போதாதா?

போதாது. இலையின் பச்சை ஒன்றா என்ன? தளிர் ஒரு பச்சை, முதிர்ந்த இலை ஒரு பச்சை, தவளையின் முதுகு வேறொரு பச்சை. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் யூரல் மலைகளில் டிமன்டாய்டு கார்னெட் என்ற பச்சைக் கல் கிடைத்த பிறகு, பல்லியும் தவளையுமாகப் புரோச்சுகள் குவிந்தது தற்செயல் இல்லை. மஞ்சள் கலந்த அந்தப் பளிச்சென்ற பச்சைக்காகக் காத்திருந்ததுபோல் நகைக்காரர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள். அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனியின் வடிவமைப்பாளர் பால்டிங் ஃபார்ன்ஹாம் 1900 பாரிஸ் கண்காட்சிக்குச் செய்த ஐரிஸ் மலர் புரோச் இன்று பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதழ்களின் நீலம் மொன்டானா மாநிலத்து நீலக்கற்கள். அதே மனிதர் 1889இல் எனாமலால் ஆர்க்கிட் மலர்களைச் செய்து பாரிசைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அங்கே நிறத்துக்குக் கல்லே தேவைப்படவில்லை.

நிறமில்லாததற்கும் ஒரு கல் உண்டு. ரஷ்ய நகைக்காரர் ஃபபெர்ஜேயின் பட்டறையில் செய்த பூங்கொத்துகளில் பூக்கள் நிற்கும் சின்னக் குவளையைக் கவனியுங்கள். பாதி தண்ணீர் இருப்பதுபோல் தெரியும். ஒரு சொட்டுக்கூட இல்லை; குவளையும் தண்ணீரும் ஒரே படிகக்கல்லில் செதுக்கியவை.

இப்போது டைட்டானியத்தை ஏன் இவ்வளவு பயன்படுத்துகிறார்கள்? தங்கத்தைவிட மட்டம் இல்லையா?

வண்ணத்துப்பூச்சி செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகம் மட்டும் 4 கன சென்டிமீட்டர். 18 காரட் தங்கத்தில் செய்தால் 60 கிராமைத் தாண்டும். சட்டைத் துணியைக் கீழே இழுத்துவிடும். டைட்டானியத்தில் 18 கிராம்தான். பெரிய இறக்கைகளைத் துணிந்து விரிக்க முடிகிறது.

இன்னொரு காரணம் எனக்கு இன்னும் பிடிக்கும். டைட்டானியத்தை மின்வேதி முறையில் பதப்படுத்தினால் மேற்பரப்பில் ஒளி புகும் ஆக்சைடு படலம் உண்டாகும். படலத்தின் தடிமனைப் பொறுத்து நீலம், ஊதா, பச்சை என்று நிறம் தெரியும். அதில் சாயமே கிடையாது. ஒளி அலைகள் ஒன்றோடொன்று மோதிக் கலப்பதால் வரும் நிறம். மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் நீலமும் சாயம் இல்லை. செதில்களின் நுண்ணடுக்குகள் ஒளியை இதேபோல் பிரித்துக் காட்டுகின்றன. பூச்சியின் நிறத்தைப் பூச்சியின் வழியிலேயே உலோகத்தில் கொண்டுவருகிறார்கள்!

ஹாங்காங்கின் வாலஸ் சான், பாரிசில் பட்டறை வைத்திருக்கும் ஜோயல் ஆர்தர் ரோசன்தால் இருவரும் இந்த உலோகத்துக்கு மரியாதை தேடித் தந்த நகைக் கலைஞர்கள். ரோசன்தாலின் நகைகளுக்கு 2013இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே நடத்தியது. மட்டமான உலோகம் என்றால் அங்கே போயிருக்காது. வேலை செய்வதற்கும் தங்கத்தைவிடப் பிடிவாதமானது: 1,668 டிகிரி செல்சியசில்தான் உருகும், சாதாரணப் பற்றாசு பிடிக்காது.

கல்லைப் பிடிக்கும் உலோகமே தெரியாத பூக்களைப் பார்த்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறார்களா?

பசை இல்லை. அதற்கு மர்மப் பதிப்பு என்று பெயர். வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் 1933இல் காப்புரிமை பெற்ற முறை. ஒவ்வொரு மாணிக்கத்தின் பக்கவாட்டிலும் மெல்லிய பள்ளம் வெட்டி, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத தங்கத் தண்டவாளத்தில் ஒவ்வொன்றாகச் செருகித் தள்ளுவார்கள். இதழ் வளையும் இடத்தில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு வடிவம். பள்ளம் வெட்டும்போது கல் உடைந்தால் அதே நிறத்தில் இன்னொன்று தேட வேண்டும். 1937இல் செய்த பியோனி மலர் இந்த முறையின் புகழ்பெற்ற வேலை. வெல்வெட் துணிபோல் தெரியும்.

உண்மையான பூச்சியையும் இறகையும் நகையில் வைத்ததுண்டா?

உண்டு. விக்டோரியா காலத்தில் தேன்சிட்டுபோன்ற சிறு பறவைகளின் தலையையே காதணியாக்கினார்கள். படிக்கவே மனம் கசக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் லேடி கிரான்வில்லின் நகைத் தொகுதி ஒன்று இருக்கிறது. 1884–85இல் செய்தது, தென்னமெரிக்காவின் பச்சை வண்டுகள் 46 தங்கத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது, பச்சை மங்கவில்லை. அதுவும் சாயமில்லாத நிறம்தான்.

இன்று எல்லைகள் தெளிவாக இருக்கின்றன. அழுங்காமையின் ஓட்டுக்கான பன்னாட்டு வணிகத்தை சைட்டீஸ், அதாவது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம், தடை செய்திருக்கிறது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்துக்கு 1989இல் முடிவெடுத்து 1990 முதல் தடை. பவளம் இன்னும் விற்கப்படுகிறது, ஆனால் டிஃபனி 2000களின் தொடக்கத்திலேயே கைவிட்டது. எனக்கு இதில் இரண்டாம் எண்ணம் இல்லை. ஓர் உயிரைக் கொண்டாடச் செய்யும் நகைக்காக அந்த உயிரைக் கொல்ல வேண்டாம். பூக்களுக்கு வேறு வழிகளும் வந்துவிட்டன: பூஷரோன் 2018இல் உண்மையான இதழ்களை வாடாமல் பதப்படுத்தி மோதிரமாக்கியது.

ஒரு நகை முடிய எவ்வளவு நாள் ஆகும்?

மாதங்கள்; சிலவற்றுக்கு வருடங்கள். முதலில் குவாஷ் என்ற ஒளி புகாத நீர்வண்ணத்தில் அசல் அளவிலேயே ஓவியம். வெளிச்சம் எப்போதும் இடப்பக்க மேல்மூலையிலிருந்து விழுவதாக வரைவது வழக்கம். பட்டறையில் ஓவியத்தைப் படிப்பவருக்கு மேடு பள்ளம் குழம்பக் கூடாது என்பதற்காக. பிறகு மெழுகில் மாதிரி, உலோகம், கல் பதித்தல், மெருகு. தூரிகை போகாத சந்துகளில் நூலை நுழைத்து இழுத்து இழுத்து மெருகேற்றுவார்கள்.

நல்ல வேலையை அடையாளம் காண ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

திருப்பிப் பாருங்கள். கல்லுக்குப் பின்னால் வெளிச்சத்துக்காகத் திறந்த துளைகள் தேன்கூடுபோல் சீராக, விளிம்பு மழுங்கி, விரலுக்கு வழவழப்பாக இருக்க வேண்டும். நல்ல பட்டறைகளில் பின்பக்கத்திலும் இலை நரம்பு ஓடும்.

வாங்கி வைத்திருப்பவர்கள் எப்படிப் பாதுகாப்பது?

எனாமலுக்கு அடி ஆகாது. முத்தும் ஓப்பலும் மென்மையானவை. வாசனைத் திரவியம், வியர்வை, சூடு எதுவும் ஒத்துக்கொள்ளாது. மரகதம், ஓப்பல், முத்து, எனாமல் நான்கையும் அல்ட்ராசோனிக் கருவியில் போடவே போடாதீர்கள்.

நானும் வரைந்து பழக விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

கீழே விழுந்த இலை ஒன்றை எடுங்கள், பழுத்ததாகவோ பூச்சி அரித்ததாகவோ இருந்தால் நல்லது. முதல் மூன்று நாள் அதன் அடிப்பக்கத்தை மட்டும் வரையுங்கள். நரம்பு எங்கே மேடாக இருக்கிறது, காம்பு எந்த இடத்தில் நரம்பாக மாறுகிறது என்று விரலால் தடவிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் இலை சுருளத் தொடங்கியிருக்கும். அதே காகிதத்தில், பழைய கோட்டின் பக்கத்திலேயே, அந்தச் சுருளை வரையுங்கள். கல்லைப் பற்றி அதுவரை யோசிக்க வேண்டாம்.